கரடி வந்தால் படுத்துக்கொள்ளலாமா?

இரண்டு நண்பர்கள் காட்டு வழியே போனார்கள். கரடி வந்தது. ஒருவன் மரத்தில் ஏறிக்கொண்டான். மரம் ஏறத் தெரியாதவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு செத்தவன்போலத் தரையில் கிடந்தான். கரடி அவனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழர்கள் குறைவு. கதையின் நீதி நட்பைப் பற்றியது. ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் கரடியிடமிருந்து தப்புவது பற்றிக் கற்றுக்கொண்ட ஒரே பாடமும் அதுதான்.

நட்பு இருக்கட்டும், கரடிக்கு வருவோம். மரத்தில் ஏறியவன் பிழைத்தது அதிர்ஷ்டம். நம் நாட்டுக் கரடி தேனுக்காகவும் பழத்துக்காகவும் மரம் ஏறுகிற பிராணி. நமக்கு எட்டுகிற கிளை அதற்கும் எட்டும். கீழே கிடந்தவன் செய்ததில் பாதி சரி, ஆனால் அதற்கு நாம் சொல்லும் காரணம் தவறு. கரடி பிணத்தைத் தொடாது என்பார்கள். செத்த விலங்கின் இறைச்சி கிடைத்தால் கரடிகள் தின்பதுண்டு. அவனைக் கரடி விட்டுவிட்டது என்றால், அவனால் தனக்கு ஆபத்து இல்லை என்று அதற்குத் தோன்றியதால்தான் இருக்கும். இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் கரடித் தாக்குதல் பற்றிய மற்ற விஷயங்கள் பெரும்பாலும் தாமாகவே விளங்கும்.

இணையத்தில் தேடினால் வேறொரு சிக்கல். அங்கே கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்க அறிவுரை. அந்த ஊரில் மூன்று வரியில் ஒரு பாட்டே கட்டி வைத்திருக்கிறார்கள். கறுப்புக் கரடி என்றால் எதிர்த்து அடி, பழுப்புக் கரடி என்றால் படுத்துவிடு, வெள்ளைக் கரடி என்றால் விதி முடிந்தது என்று வைத்துக்கொள். தமிழ்க் காணொளிகளிலும் இது அப்படியே வருகிறது. அமெரிக்காவில் இருப்பவருக்கு இது ஓரளவு பயன்படும். முதுமலையிலோ வன்னியிலோ இருப்பவருக்கு ஆபத்தான பாட்டு. ஏன் என்று புரிய, அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

உலகத்தில் எட்டு வகைக் கரடிகள் உண்டு. வட அமெரிக்கக் காட்டில் அதிகம் இருப்பது அமெரிக்கக் கருங்கரடி. கூச்ச சுபாவம் உள்ளது. மனிதனைக் கண்டால் பெரும்பாலும் மரத்தில் ஏறிவிடும் அல்லது ஓடிவிடும். ஸ்டீபன் ஹெரேரோ என்ற கனடிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1900 முதல் 2009 வரையான பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் காட்டுக் கருங்கரடிகளால் இறந்தவர்கள் 63 பேர். அந்தச் சம்பவங்களில் பத்துக்கு ஒன்பது, கரடி மனிதனை இரையாகப் பார்த்த சம்பவங்கள். பெரும்பாலும் தனி ஆண் கரடி. சத்தம் போடாமல் பின்தொடர்ந்து வந்திருக்கிறது. தின்பதற்காக வருகிற பிராணியின் முன்னால் படுத்தால் இலை போட்டுப் பரிமாறியது போலத்தான். அதனால்தான் எதிர்த்து அடிக்கச் சொல்கிறார்கள்.

பழுப்புக் கரடியின் கணக்கு வேறு. கிரிஸ்லி என்று அங்கே சொல்லப்படும் அந்தப் பெரிய கரடி, பெரும்பாலும் குட்டிக்காகவோ, தான் வைத்திருக்கும் இரைக்காகவோ, திடீரென்று கிட்டத்தில் ஆளைப் பார்த்த அதிர்ச்சியிலோ பாய்கிறது. எதிரே இருப்பவனால் இனித் தொல்லை இல்லை என்றானதும் நிறுத்திவிடுகிறது. அங்கே படுப்பது வேலை செய்யும். பனிக்கரடி துருவத்தில் வாழும் முழு மாமிசப் பிராணி. நமக்கும் அதற்கும் வழக்கில்லை, விட்டுவிடலாம்.

இப்போது சிக்கல் புரிந்திருக்கும். நம் ஊர்க் கரடியும் கறுப்புதான். நிறத்தைப் பார்த்துப் பாட்டை நம்பினால் அதை எதிர்த்து அடிக்க வேண்டும். ஆனால் குணத்தில் அது அமெரிக்கக் கருங்கரடிக்கு நேர் எதிர். கிரிஸ்லியின் பக்கம் நிற்பது. கரடி விடுவது என்று நாம் சொல்கிறோமே, இந்தப் பாட்டைத் தமிழில் பரப்புவதும் ஒரு வகையில் அதுதான்.

நம்முடைய கரடி யார்? 1791-ல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, இதைக் கரடி என்றே அவர் எண்ணவில்லை. நீண்ட நகங்களையும் விநோதமான பல்லமைப்பையும் பார்த்து, தென் அமெரிக்காவில் கிளைகளில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத் என்ற சோம்பேறி விலங்கின் உறவு என்று முடிவு கட்டினார். தவறு பின்னால் திருத்தப்பட்டது. ஆனால் ஸ்லாத் பேர் என்ற ஆங்கிலப் பெயரில் இன்றைக்கும் அந்தச் சோம்பல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் இதற்குத் தேன் கரடி என்று பெயர் சொல்கிறார்கள். மலையோரத்து மக்களுக்கு வெறும் கரடி. சங்கப் பாடல்களில் எண்கு, உளியம். அந்தப் பாடல்களில் வருகிற எண்கு செய்யும் வேலைகளைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். நடுராத்திரியில் புற்றைப் பெயர்த்துக் குரும்பியை, அதாவது உள்ளே இருக்கும் புற்றாஞ்சோற்றை, தின்கிறது. உதிர்ந்து கிடக்கும் இலுப்பைப் பூவைக் கூட்டமாக வந்து மேய்கிறது. இன்றைய ஆய்வாளர்கள் குறிப்பேட்டில் எழுதுவதும் இதையேதான்.

இதன் உடம்பே கறையானுக்காகச் செய்தது. மேல் வரிசையில் நடு முன்பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளியில் உதட்டைக் குழாய்போல நீட்டி, முதலில் மண்ணை ஊதித் தள்ளும். அப்புறம் கறையானை உறிஞ்சும். தூசி ஏறாமல் மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளவும் முடியும். இந்த ஊதுவதும் உறிஞ்சுவதும் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும் சத்தம். முன்னங்கால் நகங்கள் விரல் நீளத்துக்கு வளைந்து இருக்கும்; பாறையாய் இறுகிய புற்றையே உடைக்கும். பெரிய ஆண் கரடி நூறு கிலோவைத் தாண்டும். பெண் அதைவிடச் சிறியது. குளிர்காலத் தூக்கமெல்லாம் இதற்கு இல்லை. வருஷம் முழுக்க நடமாட்டம்தான்.

இந்தப் பிராணிக்குக் கண்ணும் காதும் மந்தம், மூக்குதான் பலம் என்று காட்டோரத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். புற்றுக்குள் தலையை விட்டு, புஸ் புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருக்கும் விலங்குக்கு உங்கள் காலடிச் சத்தம் எப்படிக் கேட்கும்? காற்று உங்கள் பக்கமாக வீசினால் வாசனையும் போகாது. நிமிர்ந்து பார்க்கிறபோது நீங்கள் ஐந்து மீட்டரில் நிற்கிறீர்கள். கரடித் தாக்குதல்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். பழிவாங்கல் இல்லை, பசி இல்லை. திடுக்கிட்ட இரண்டு உயிர்கள். அவற்றில் ஒன்றுக்கு நகம் இருக்கிறது.

திடுக்கிட்டால் மான் ஓடுகிறது, யானைகூடப் பல சமயம் விலகிப் போகிறது. கரடி ஏன் பாய்கிறது? இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது. இந்தக் கரடி புலியோடு வாழ்ந்து வளர்ந்த கரடி. மண் தோண்டுவதற்கென்று அமைந்த உடம்பை வைத்துக்கொண்டு புலியை ஓட்டத்தில் ஜெயிக்க முடியாது. மரத்தில் ஏறினால் சிறுத்தையும் ஏறும். மிச்சம் இருப்பது ஒரே வழி: எழுந்து நின்று, கத்தி, முதல் அடியைத் தானே அடிப்பது. 2018-ல் மகாராஷ்டிரத்தின் தடோபா காட்டில், குட்டியோடு தண்ணீர் குடிக்க வந்த தாய்க் கரடி ஒன்று பெரிய ஆண் புலியோடு மோதியதைச் சுற்றுலா வந்தவர்கள் படம் பிடித்தார்கள். புலி அதைக் கீழே போட்டு அமுக்கியும், கடைசியில் கரடி எழுந்து புலியை விரட்டியது. குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிவதை வழக்கமாகவே கொண்ட கரடி இனமும் இது ஒன்றுதான். குட்டியை மரத்துக்கு அனுப்பிவிட்டுத் தாய் ஓடிவிடுகிற ஏற்பாடு இங்கே கிடையாது. சுமையோடு நின்று சண்டை போடும் ஏற்பாடுதான். புலிக்கே இந்தப் பதில் என்றால், சுள்ளி பொறுக்க வந்த மனிதனுக்கு வேறு என்ன பதில் கிடைக்கும்?

எண்ணிக்கையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1989 ஏப்ரலிலிருந்து 1994 மார்ச் வரை, பிரிக்கப்படாத மத்தியப் பிரதேசத்தில் மட்டும் 735 பேரைக் கரடிகள் தாக்கியதாகப் பதிவாகியிருக்கிறது. அவர்களில் இறந்தவர்கள் 48 பேர். பின்னால் சத்தீஸ்கரின் வடக்கு பிலாஸ்பூர் வனக்கோட்டத்தில் 1998-லிருந்து 2000 வரை நடந்த கணக்கெடுப்பில் 137 பேர், இறந்தவர்கள் 11. மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். ஒரு கண்டத்தில் நூற்றுப்பத்து வருஷத்தில் கருங்கரடி கொன்றது 63 பேர். இங்கே ஒரே மாநிலத்தில் ஐந்து வருஷத்தில் 48. ஆனால் அடிபட்ட பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிரோடு திரும்பியிருக்கிறார்கள் என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. கொல்லுவது நோக்கமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

உயிரோடு திரும்பினார்கள் என்று எழுதிவிடுவது எளிது. இந்தக் கரடி எழுந்து நின்று தாக்கும்போது அதன் நகம் விழும் இடம் பெரும்பாலும் முகமும் தலையும். கண் போனவர்கள், மூக்கு போனவர்கள், தாடை நொறுங்கியவர்கள் காட்டோர ஊர்களில் இருக்கிறார்கள். இலுப்பைப் பூவும் பீடி இலையும் பொறுக்கப் போனவர்கள், விடியலில் வெளிக்குப் போனவர்கள், மாடு தேடிப் போனவர்கள், விறகுக்குப் போன பெண்கள் என்று அடிபட்டவர்களின் பட்டியல் முழுக்க ஏழைகள். மலையேற்றத்துக்குப் பணம் கட்டிப் போகிறவர்கள் அதில் மிகக் குறைவு. அமெரிக்க அறிவுரை நமக்குப் பொருந்தாமல் போக இதுவும் ஒரு காரணம். அங்கே அது விடுமுறைக்குக் காட்டுக்குப் போகிறவருக்கு எழுதப்பட்டது. இங்கே தேவைப்படுவது, தினமும் போயே ஆக வேண்டியவருக்கு.

நம் வயதுக்காரர்கள் சிலருக்கு இன்னொரு கரடி ஞாபகம் வரும். தெருவில் மூக்குக் கயிறோடு நடத்தி வரப்பட்ட கரடி. பயம் தெளியக் குழந்தையை அதன் முதுகில் உட்கார வைப்பார்கள். முடியைப் பிடுங்கித் தாயத்தில் அடைத்து விற்பார்கள். பல் பிடுங்கப்பட்டு, காய்ச்சிய கம்பியால் மூக்கில் துளை போடப்பட்ட அந்தப் பிராணியைப் பார்த்து வளர்ந்ததால், கரடி என்றால் அசட்டுத்தனமாக ஆடும் ஒன்று என்ற எண்ணம் நமக்குள் தங்கிவிட்டது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருந்தும், 2009-ல்தான் இந்தியாவின் கடைசி ஆட்டக் கரடி மீட்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

தமிழ்நாட்டில் கரடி இல்லாத மலை குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக, சத்தியமங்கலம், தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகள் என்று பரவியிருக்கிறது. ஆனால் மனிதனும் கரடியும் அதிகம் உரசுவது நீலகிரியில்தான். கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரு கரடிக் கதை சொல்வார்கள். அங்கே காடும் தோட்டமும் கோடு போட்டுப் பிரிந்திருக்கவில்லை. சோலை, அதை ஒட்டித் தேயிலை, நடுவில் பராமரிப்பு இல்லாமல் ஆளுயரம் வளர்ந்துவிட்ட பழைய தோட்டம், அதில் உண்ணிச்செடிப் புதர், அதன் கீழே வீடுகள். உண்ணிச்செடிப் புதர் கரடிக்குப் பகலில் படுக்கை, அதன் பழம் தின்பண்டமும்கூட. காலையில் கொழுந்து பறிக்க இறங்குகிறவர்கள் அந்தப் படுக்கையை ஒட்டித்தான் நடக்கிறார்கள்.

அப்புறம் எண்ணெய். நீலகிரியில் கரடி கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது என்பது செய்தித்தாளில் அடிக்கடி வரும் செய்தி. ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், பேக்கரி என்று பட்டியல் நீளும். பூசை வேளையில் கரடி என்ற பழமொழியில் வருவது கரடிகை என்ற பறைதான், விலங்கில்லை என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். நீலகிரியில் அந்த விளக்கத்துக்கு அவசியமே இல்லை.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. கரடிக்கு மனிதச் சாப்பாட்டின் ருசி தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா பெரிய விலை கொடுத்துப் பாடம் படித்திருக்கிறது. மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்கா 1910-ல் தொடங்கியது. 57 வருஷம் அங்கே கரடியால் ஒருவர்கூடச் சாகவில்லை. 1967 ஆகஸ்ட் 13 அதிகாலையில், சில மணி நேர இடைவெளியில், வெவ்வேறு இரண்டு இடங்களில், வெவ்வேறு இரண்டு கிரிஸ்லிகள், தூங்கிக்கொண்டிருந்த இரண்டு இளம்பெண்களைக் கொன்றன. இருவருக்கும் வயது 19. விசாரித்தால், ஓரிடத்தில் விடுதிக்காரர்கள் சமையல் கழிவைப் பின்னால் கொட்டி, கரடிகள் வந்து தின்பதைத் தினமும் இரவில் விருந்தினர்களுக்குக் காட்சியாகக் காட்டியிருக்கிறார்கள். மற்ற இடத்தில் அந்தக் கோடை முழுக்க ஒரு கரடி முகாம்களில் புகுந்து சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

பக்கத்து மாநிலமான வயோமிங்கில் யெல்லோஸ்டோன் பூங்காவின் கதை இன்னும் பழையது. சாலையோரத்தில் கார் கண்ணாடியை இறக்கிக் கரடிக்கு ரொட்டி நீட்டுவது அங்கே ஒரு காலத்தில் குடும்பச் சுற்றுலாவின் அங்கம். 1931 முதல் 1969 வரை வருஷத்துக்குச் சராசரியாக 48 பேரைக் கரடிகள் காயப்படுத்தின. 1970 வாக்கில் குப்பைக் கிடங்குகளை மூடினார்கள், உணவு கொடுப்பதைக் கண்டிப்பாகத் தடுத்தார்கள், கரடியால் திறக்க முடியாத குப்பைத் தொட்டிகளை வைத்தார்கள். இப்போது பல லட்சம் பேர் வந்துபோகும் அந்தப் பூங்காவில் சராசரி வருஷத்துக்கு ஒருவர். கரடி மாறவில்லை, குப்பைத் தொட்டிதான் மாறியது. நீலகிரியில் கூண்டு வைத்துக் கரடியைப் பிடித்து வேறு காட்டில் விடுவதைவிட, கோயில் எண்ணெயை இரவில் எடுத்து வைப்பதும், கோழிக் கழிவை ஓடையில் கொட்டாமல் இருப்பதும், பலாப்பழத்தை மரத்திலேயே பழுக்க விடாமல் வெட்டுவதும் பயன் தரும் என்று நான் நினைப்பது இதனால்தான். சத்தீஸ்கரின் மகாசமுந்த் மாவட்டத்தில் ஒரு சண்டி கோயிலுக்குக் கரடிகள் தினமும் வந்து பிரசாதம் வாங்கிப்போவதைப் பக்தியோடு படம் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கிளேசியர் விடுதியின் பின்வாசல்தான் ஞாபகம் வருகிறது.

இலங்கையிலும் இதே இனம்தான், கொஞ்சம் வேறுபட்ட கிளையினம். வில்பத்து, யால, வன்னிக் காடுகளில் இருக்கிறது. மே மாதத்தை ஒட்டிப் பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடி மரத்திலும் மரத்தடியிலும்தான் கிடக்கும். பாலைப்பழம் பொறுக்க மனிதரும் அங்கேயேதான் போவார்கள். தேன் எடுக்கப் போகிறவர்களுக்கும் இதே போட்டி. வன்னிப் பக்கத்தில் யானையைவிடக் கரடிக்குத்தான் பயம் என்று சொல்பவர்கள் உண்டு. யானை வருவது தூரத்திலேயே தெரியும். கரடி பற்றைக்குள் இருப்பது, மிதிக்கிற தூரத்துக்குப் போகும்வரை தெரியாது.

சரி, என்ன செய்வது?

செய்ய வேண்டியதில் முக்கால் பங்கு, கரடியைப் பார்ப்பதற்கு முன்னால் செய்வது. சத்தம். இவ்வளவுதான். நீங்கள் வருவது அதற்கு ஐம்பது மீட்டரிலேயே தெரிந்துவிட்டால் பெரும்பாலும் அதுவே விலகிவிடும். ஜப்பானில் மலைக்குப் போகிறவர்கள் பையில் சிறு மணி கட்டிக்கொள்கிறார்கள். நமக்கு மணியே வேண்டாம். நாலு பேர் சேர்ந்து போனால் பேச்சுக்கா பஞ்சம்? தனியாகப் போனால் பாடலாம், செருமலாம், கம்பால் தரையைத் தட்டிக்கொண்டு போகலாம். வளைவிலும், ஓடை இரைச்சல் உள்ள இடத்திலும், புதர் நெருக்கமான தடத்திலும் சத்தம் கூட வேண்டும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விடியலில் தோட்டச் சாலையில் நடைப்பயிற்சி போவது எனக்குத் தெரிந்து மிக மோசமான யோசனை. கரடிக்கும் உங்கள் சத்தம் கேட்காது, உங்களுக்கும் அதன் சத்தம் கேட்காது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்து பைக்கை உருட்டிவிடும் பழக்கமும் அப்படித்தான்.

நேரம் முக்கியம். அந்தியும் இரவும் விடியலும் கரடியின் நேரம். அந்த நேரத்தில் வெளியே போக வேண்டியிருந்தால் கையில் டார்ச் இருக்கட்டும். இரண்டு பேராகப் போகவும். வெயில் நேரத்தில் கரடி தூங்கும். எங்கே என்பதுதான் கேள்வி. பாறைப் பொந்து, குகை, அடர்ந்த புதர். கர்நாடகத்தின் தரோஜி போன்ற பாறைக்குன்றுப் பகுதிகளில் கரடியின் வீடே பாறை இடுக்குதான். குகைக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம். புதிதாகப் பெயர்த்த புற்று, ஈரம் காயாத எச்சம், மரப்பட்டையில் நகக் கீறல் தெரிந்தால் வந்த வழியே திரும்புவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

தூரத்தில் கண்டுவிட்டீர்கள், அது உங்களைக் காணவில்லை என்றால் பேசாமல் பின்வாங்குங்கள். செல்போனை எடுக்க வேண்டாம். குட்டி மட்டும் தெரிந்தால் இன்னும் மோசம். தாய் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

அது உங்களைப் பார்த்துவிட்டது என்றால் ஓட வேண்டாம். இறக்கத்தில் ஓடினால் கரடியின் முடி கண்ணில் விழும், முன்னங்கால் குட்டை என்பதால் உருண்டுவிடும் என்று சொல்வார்கள். அந்தக் கரடியும் விட்ட கரடிதான். மேட்டிலும் பள்ளத்திலும் அது உங்களைவிட வேகம். எழுந்து நிற்பது பல சமயம் மோப்பம் பிடிக்கத்தான். மெதுவான குரலில் பேசிக்கொண்டு, முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு, அடிமேல் அடியாகப் பின்னால் நகர்ந்து, அது போக வழி விட வேண்டும். பாய்வதுபோல வந்து பாதியில் நின்று திரும்பிவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் இந்த இடத்தில் மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் ஸ்ப்ரே பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலான சம்பவங்களில் அது கரடியை நிறுத்தியிருக்கிறது. நம் காட்டோர மக்களிடம் அது புழக்கத்தில் இல்லை. அவர்களிடம் இருப்பது நீளக் கம்புதான்.

நிற்காமல் வந்து மேலே விழுந்துவிட்டால், இப்போதுதான் அந்தப் பள்ளிக்கூடக் கதை. ஆனால் கதையில் அவன் மல்லாந்து கிடந்ததாகத்தான் படம் போட்டிருப்பார்கள். நீங்கள் குப்புறப் படுக்க வேண்டும். முகம் மண்ணில் பதிந்திருக்கட்டும். விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முழங்கைகளால் கன்னத்தின் இரு பக்கமும் அணை கட்டுங்கள். முதுகில் பை இருந்தால் கழற்றாதீர்கள், அதுதான் கவசம். புரட்டினால் உருண்டு மறுபடி குப்புற வந்துவிடுங்கள். இந்தக் கரடி தேடுவது முகத்தை. அதைக் கொடுக்காமல் இருப்பதுதான் முழு வேலையும். கத்தாமல் கிடப்பது சொல்லுகிற அளவுக்கு எளிதில்லை, தெரிந்தே சொல்கிறேன். அது போன பிறகும் உடனே எழ வேண்டாம். பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும் கரடிக்கு, நீங்கள் எழுவது இரண்டாம் சுற்றுக்கு அழைப்பு.

பக்கத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இன்னும் கஷ்டமானது. 2022 நவம்பரில், தென்காசி மாவட்டம் கடையம் அருகே, இருசக்கர வாகனத்தில் மசாலாப் பொருள் விற்கப் போனவர் ஒருவரைக் கரடி தாக்கியது. அவரைக் காப்பாற்றப் போன இருவரையும் அது தாக்கியது. மூவருக்கும் முகத்தில் படுகாயம். சுற்றி ஊரே கூடிக் கத்தியது. கரடியின் பக்கமிருந்து பார்த்தால், ஒரு ஆபத்து மூன்றாகி முப்பதாகிறது, ஓட வழியில்லை. உதவிக்குப் போகாதே என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. வெறுங்கையோடு ஒவ்வொருவராக ஓடாமல், சேர்ந்து, ஒரே பக்கத்திலிருந்து, தகரமோ பாத்திரமோ தட்டி, வண்டி ஹாரன் அடித்து, மறுபக்கம் காட்டுக்குப் போகும் வழியைத் திறந்து விட்டால் கரடிக்குப் போக இடம் கிடைக்கும். வட்டம் கட்டிக் கல்லெறிந்தால் அது கீழே கிடப்பவர் மேல்தான் இறங்கும். வனத்துறையினர் அந்தக் கரடியை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டார்கள். சில நாளில் அது செத்துப்போனது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. ரத்தம் பீறிடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பதை எல்லோரும் செய்வார்கள். தொங்கும் தோலையோ சதையையோ வெட்டி எறியக் கூடாது. அப்படியே மூடி வைத்துக் கட்டி எடுத்துப்போக வேண்டும், தைத்துச் சேர்க்க வாய்ப்பிருக்கும். மறப்பது வெறிநாய்க்கடித் தடுப்பூசியை. கரடியும் பாலூட்டிதான், அந்த நோய் அதற்கும் வரலாம். காட்டு விலங்கு கடித்த காயத்தை, ரத்தப்போக்கு அனுமதித்தால், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவச் சொல்கிறது மருத்துவ விதி. முகக் காயத்தில் கிருமி மூளைக்குப் போகும் தூரம் குறைவு என்பதால், ஊசியோடு காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும் போட வேண்டும். முகத்தைத் தைக்கும் அவசரத்தில் மருத்துவர் கேட்காமல் விட்டாலும், கூடப் போனவர் நினைவூட்டலாம்.